சீன, ஜப்பானியப் பூச்சிப் பெயர்களைப் பிழையின்றிக் கற்க ஒரு வழிகாட்டி

நெல்லுக்கும் காய்கறிப் பயிர்களுக்குமான ஒரு பூச்சிக்கொல்லியின் ஜப்பானியக் கையேட்டைத் தமிழாக்கும் பணி சில ஆண்டுகளுக்கு முன் எனக்குக் கிடைத்தது. அதில் பல இடங்களில் ‘அபுராமுஷி’ என்ற சொல் வந்தது. வயதான ஜப்பானியர் ஒருவர் கரப்பான்பூச்சியை அப்படிச் சொல்லக் கேட்டிருந்ததால், சரிபார்க்காமல் ‘கரப்பான்பூச்சி’ என்றே எழுதிக்கொண்டு போனேன். விவசாயக் கையேட்டில் அந்தச் சொல்லுக்கு அசுவினி (பயிரின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி) என்று பொருள். அச்சுக்குப் போகும் முன் பிழை பிடிபட்டது. ஆனால் கையேட்டில் இருந்த எல்லாப் பூச்சிப் பெயர்களையும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சரிபார்க்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதே கையேட்டின் சீன வடிவம் வந்தபோது வேறு வகைப் பிழைகள் காத்திருந்தன. அந்த வாரங்களில் நான் கண்டுகொண்ட வழியைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன்.

அடிப்படையாக ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இந்த மொழிகளில் ஒரு பூச்சிப் பெயரைக் கற்பது என்பது மூன்று தனித்தனி வேலைகள்: எழுத்தின் வடிவை அறிவது, அது எந்த உயிரைக் குறிக்கிறது என்று உறுதிசெய்வது, மனிதர்களைப் பற்றிப் பேசும்போது அது என்ன பொருள் தருகிறது என்று தெரிந்துகொள்வது. ஒன்றில் கிடைத்த விடையை இன்னொன்றுக்குப் பொருத்தும்போதுதான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன.

1. ஒலிகளைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்வதை நிறுத்துங்கள்

இந்தக் கட்டுரையில் ஒலிகளைத் தமிழில்தான் தருகிறேன்; அவை அடையாளம் காட்டுவதற்கு மட்டுமே. உங்கள் குறிப்பேட்டில் ஜப்பானியச் சொற்களை ஹிரகானா என்ற ஒலியெழுத்திலும், சீனச் சொற்களைத் தொனிக்குறியுடன் (குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் குறி) பின்யின் என்ற ரோமன் எழுத்துமுறையிலும் எழுதுங்கள். ஜப்பானியத்தில் கொசுவின் பெயரும் அந்துப்பூச்சியின் பெயரும் தமிழில் எழுதினால் ‘க’ என்ற ஒரே எழுத்தாகிவிடும். கொசுவின் பெயரில் வருவது ‘கடல்’ என்பதில் உள்ள ககரம். அந்துப்பூச்சியின் பெயரில் வருவது ‘தங்கம்’ என்பதில் உள்ள ககரம். நம் காதுக்கு இந்த வேறுபாடு தெரியும், நம் எழுத்துக்குத் தெரியாது. சீனத்திலோ தொனியை விட்டுவிட்டால் சொல்லே கிடைக்காது.

ஹிரகானாவும், ஜப்பானியத்தின் மற்றோர் ஒலியெழுத்தான கத்தகானாவும் தெரியாதவர்கள் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். பின்யினுக்கும் நான்கு தொனிகளுக்கும் மேலும் இரண்டு வாரம் வேண்டும். இதற்குப் பணச்செலவு எதுவும் தேவையில்லை.

2. கையில் வைத்திருக்க வேண்டியவையும் அவற்றின் செலவும்

சீனத்துக்குப் பிளெக்கோ என்ற கைபேசி அகராதியின் அடிப்படைப் பதிப்பு இலவசம். ஜப்பானியத்துக்கு ஜிஷோ என்ற இணைய அகராதியும் இலவசம். இரண்டிலும் விரலால் எழுத்தை வரைந்து தேடலாம் என்பதால், ஒலி தெரியாத எழுத்தைக் கண்டு தயங்க வேண்டாம். மனப்பாட அட்டைகளுக்கான ஆன்கி, கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐஃபோனில் மட்டும் சுமார் 25 அமெரிக்க டாலர் ஒருமுறை கட்டணம் உண்டு. கணினியில் பயிற்சி செய்ய முடிந்தவர்கள் அந்தப் பணத்தைச் செலவிட வேண்டாம்.

பணம் செலவழிக்கத் தகுந்த பொருள் ஒன்று உண்டு: ஜப்பானியக் குழந்தைகளுக்கான பூச்சிப் படக்களஞ்சியம். ‘ஸுகன்’ எனப்படும் இவ்வகை நூல்களில் ஒவ்வொரு பூச்சிக்கும் தெளிவான படமும் கத்தகானாப் பெயரும் உடல் அளவும் இருக்கும். புதிய நூலின் விலை 2,000 யென்னுக்குச் சற்று மேல் இருக்கும். அஞ்சல் செலவு நூலின் விலையைத் தாண்டக்கூடும் என்பதால் ஜப்பானிலிருந்து யாரேனும் வரும்போது வாங்கி வரச் சொல்வது நல்லது. பழைய பிரதியே போதும்; பூச்சிகளின் பெயர்கள் பத்தாண்டில் மாறிவிடுவதில்லை.

இவற்றுடன் ஐந்து பத்திகள் கொண்ட ஒரு அட்டவணையை நீங்களே தொடங்குங்கள்: தமிழ்ப் பெயர், அறிவியல் பெயர், சீனப் பெயர், ஜப்பானியப் பெயர், எங்கே பார்த்தீர்கள் என்ற குறிப்பு. இரண்டாவது பத்தியைக் காலியாக விடவே கூடாது. ஏன் என்பதை 6-ஆம் படியில் சொல்கிறேன்.

3. ‘பூச்சி உறுப்பை’ அறிந்துகொள்ளுங்கள். அதை அப்படியே நம்பாதீர்கள்

இரு மொழிகளிலும் பெரும்பாலான பூச்சிப் பெயர்களில் ஒரே சிறு வடிவம் வரும். அகன்ற ஒரு பெட்டி, அதை ஊடுருவி இறங்கும் ஒரு நேர்கோடு, அடியில் மேல்நோக்கிச் சாயும் ஒரு கோடு, வலப்புறம் ஒரு புள்ளி என மொத்தம் 6 கோடுகள். எழுத்துகளை வகைப்படுத்தப் பயன்படும் இத்தகைய அடிப்படைக் கூறுகளையே ‘உறுப்பு’ என்கிறேன்; பாரம்பரிய அகராதி வரிசையில் இது 142-ஆவது உறுப்பு. தனியே நிற்கும்போது சீனத்தில் ‘ச்சொங்’ (2-ஆம் தொனி) என்றும், ஜப்பானியத்தில் ‘முஷி’ என்றும், கூட்டுச் சொற்களில் ‘ச்சூ’ என்றும் ஒலிக்கும். ஜப்பானியப் பள்ளிகளில் முதல் வகுப்பிலேயே இதைக் கற்பிக்கிறார்கள். தைவானிலும் ஹாங்காங்கிலும் இதே சொல்லை மூன்று பூச்சி உறுப்புகளை முக்கோணமாக அடுக்கி 18 கோடுகளில் எழுதுகிறார்கள். அதை வேறு எழுத்து என்று எண்ணிக் குழம்ப வேண்டாம்.

இந்த உறுப்பு பெரும்பாலும் எழுத்தின் இடப்பக்கத்தில் நிற்கும். சிலவற்றில் அடியில் வரும்: பட்டுப்புழுவின் எழுத்தில் மேலே ‘வானம்’, கீழே பூச்சி.

இதைக் கண்டவுடன் பூச்சி என்று முடிவுகட்டுவதுதான் புதியவர்களின் முதல் தவறு. பாம்பு, தவளை, பல்லி, வௌவால், நண்டு, இறால், சிப்பி, நத்தை, மண்புழு, சிலந்தி ஆகிய எல்லாவற்றின் எழுத்துகளிலும் இதே உறுப்பு உண்டு. வானவில்லின் எழுத்திலும் உண்டு. வானவில்லைப் பழங்காலத்தில் பாம்பையோ கடல்நாகத்தையோ ஒத்த உயிராகக் கருதினார்கள். சீனத்தில் முட்டைக்கான அன்றாடச் சொல்லிலும் இது அடியில் உட்கார்ந்திருக்கிறது. சீன உணவகத்தின் விலைப்பட்டியலில் இந்த உறுப்பைக் கண்டு அஞ்சுபவர்கள் பெரும்பாலும் முட்டையையோ இறாலையோ கண்டுதான் அஞ்சுகிறார்கள்.

தமிழ் பேசுபவர்களுக்கு இந்த வகைப்பாடு அந்நியமானதன்று. இருட்டில் வெளியே போகும் பிள்ளையிடம் ‘பூச்சி பொட்டு இருக்கும், விளக்கை எடுத்துக்கொண்டு போ’ என்று சொல்லும்போது நாம் பாம்பைத்தான் நினைக்கிறோம். சீனப் பேச்சு வழக்கில் பாம்பை ‘நீளப் பூச்சி’ என்கிறார்கள். பழைய சீனக் கதைகளில் ‘பெரிய பூச்சி’ என்று வந்தால் அது புலி. தொல்காப்பியமும் நண்டையும் தும்பியையும் ஒரே வரியில் சேர்த்து நான்கறிவு உயிர்கள் என்றது. எனவே இந்த உறுப்பை ‘பூச்சி’ என்று பெயர்த்துக்கொள்ளாமல் ‘ஊர்வன, நெளிவன, சிறு உயிர்கள்’ என்று பெயர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் படிக்கு ஒரு வாரம் போதும்.

4. எழுத்தின் மற்றப் பாதியிலிருந்து ஒலியைப் பெறுங்கள்

சீனம் கற்பவர்களுக்கு மிகப் பெரிய உதவி இங்கே கிடைக்கிறது. எழுத்தின் ஒரு பாதி பொருளின் வகையைக் காட்ட, மறுபாதி ஒலியைக் காட்டும். பூச்சிப் பெயர்களில் இந்த ஒலிக்குறிப்பு வியக்கத்தக்க அளவு துல்லியமாக இன்றும் இருக்கிறது. கொசுவின் எழுத்தில் வலப்பக்கம் இருப்பது ‘வென்’ என்று ஒலிக்கும் ‘எழுத்து’ என்ற சொல். கொசுவும் ‘வென்’, தொனியும் 2. வெட்டுக்கிளியின் எழுத்தில் இருப்பது ‘ஹுவாங்’ எனும் பேரரசர், வெட்டுக்கிளியும் ‘ஹுவாங்’. சிலந்தியின் இரண்டு எழுத்துகளில் வலப்பக்கம் ‘ஜி’ (அறிதல்), ‘ஜு’ (செந்நிறம்) என்று இருக்கும், சிலந்தி ‘ஜிஜு’. தும்பி ‘ச்சிங்திங்’, சுவர்க்கோழி ‘ஷீஷுவாய்’, கும்பிடுபூச்சி ‘தாங்லாங்’ ஆகியவற்றிலும் இரண்டு எழுத்துகளின் ஒலிப்பகுதிகளும் தொனி உட்பட அப்படியே பொருந்துகின்றன.

எல்லாவற்றிலும் இது பொருந்தாது. எறும்பின் எழுத்தில் ‘அறம்’ என்பதற்கான பகுதி உள்ளது. ஒலி ஒன்றே, தொனி வேறு. அந்துப்பூச்சியின் எழுத்தில் ‘நான்’ என்ற சொல் உள்ளது; இன்றைய ஒலிகள் விலகிவிட்டன.

இரண்டு எச்சரிக்கைகள். ஒலிப்பகுதியின் பொருளை வைத்துக் கதை கட்டாதீர்கள். ‘எறும்பு அறமுள்ள பூச்சி’, ‘வெட்டுக்கிளி பூச்சிகளின் அரசன்’ என்று நினைவுக்காகச் சொல்லிக்கொள்வதில் குற்றமில்லை. ஆனால் அதைச் சொல்வரலாறு என்று எழுதிவிடாதீர்கள். அடுத்து, இந்த உத்தி ஜப்பானியப் பேச்சுச் சொற்களுக்கு உதவாது. ஜப்பானியர் சீன எழுத்தை எடுத்துக்கொண்டு தங்கள் சொந்தச் சொல்லை அதன்மேல் படித்தார்கள். எறும்பு ‘அரி’, தேனீ அல்லது குளவி ‘ஹாச்சி’, சிள்வண்டு ‘செமி’, மின்மினி ‘ஹோத்தாரு’, சிலந்தி ‘குமோ’. இவற்றுக்கும் எழுத்தின் ஒலிப்பகுதிக்கும் தொடர்பில்லை. வண்ணத்துப்பூச்சியின் ‘ச்சோ’, அந்துப்பூச்சியின் ‘க’ ஆகிய இரண்டு அன்றாடப் பெயர்கள் மட்டும் சீன ஒலியிலிருந்து வந்தவை.

5. முதல் இருபது சொற்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

அகராதியில் ‘பூச்சி’ என்று தேடி வரும் பட்டியலைக் கற்காதீர்கள். உங்கள் வீட்டைச் சுற்றி நீங்கள் பார்க்கும் இருபது உயிர்களைத் தமிழில் எழுதி, ஒவ்வொன்றின் படத்தையும் ஆன்கி அட்டையின் முன்புறத்தில் வையுங்கள். தமிழ்ச் சொல்லை முன்புறத்தில் வைத்தால் அதன் எல்லைகளையும் சேர்த்தே மொழிபெயர்ப்பீர்கள். நமக்குத் தேனீயும் குளவியும் வேறு. ஜப்பானிய ‘ஹாச்சி’ இரண்டையும் தழுவும். தேனீயை மட்டும் சொல்ல வேண்டுமானால் ‘மித்ஸுபாச்சி’, பெருங்குளவிக்கு ‘ஸுஸுமேபாச்சி’. இரண்டாவதன் நேர்ப்பொருள் ‘சிட்டுக்குருவிக் குளவி’.

இந்த எடுத்துக்காட்டிலேயே அடுத்த சிக்கலும் இருக்கிறது. தனியே ‘ஹாச்சி’ என்பது கூட்டுச் சொல்லில் ‘பாச்சி’ ஆகிறது. அந்தப் பகரம் ‘அம்பு’ என்பதில் உள்ள பகரம். ‘செமி’யின் முதல் மெய்யும் கூட்டுச் சொல்லில் அதிர்வொலியாக மாறும், ‘குமோ’வின் ககரம் ‘தங்கம்’ என்பதன் ககரமாகும். அகராதியில் கிடைக்காத ஒரு சொல்லின் பின்பகுதியை, முதல் மெய்யை அதிர்வில்லாத ஒலியாக்கித் திரும்பத் தேடுங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும். வல்லினம் இடத்துக்கேற்ப ஒலி மாறுவது தமிழருக்கு இயல்பு என்பதால் இது விரைவில் பழகும்.

சீனத்தில் மூன்று பெயர்களை ஒரே நாளில் கற்காதீர்கள்: கும்பிடுபூச்சி ‘தாங்லாங்’, கரப்பான்பூச்சி ‘ஜாங்லாங்’, சாணவண்டு ‘ச்சியாங்லாங்’. மூன்றிலும் இரண்டாம் எழுத்து ஒன்றே. ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு வாரம் விடுங்கள். இத்தகைய ஈரெழுத்துப் பெயர்களைப் பிரித்துப் பொருள் தேடுவதும் வீண் வேலை. ‘தாங்’ என்றால் என்ன, ‘லாங்’ என்றால் என்ன என்று கேட்டால் விடை கிடைக்காது. இரண்டும் சேர்ந்தே ஒரு சொல்.

6. அறிவியல் பெயரைப் பாலமாகக் கொள்ளுங்கள்

இந்தக் கட்டுரையை நான் எழுதத் தொடங்கியதே இந்தப் படிக்காகத்தான். ஒரே எழுத்து இரு மொழிகளில் இரு உயிர்களைக் குறிக்கலாம். ஒரே பெயர் ஒரே மொழியிலும் இரண்டைக் குறிக்கலாம்.

‘ஹுவாங்’ என்ற எழுத்தைச் சீனர் கூட்டமாகப் பறந்து பயிரை அழிக்கும் வெட்டுக்கிளிக்கு எழுதுகிறார்கள். ஜப்பானில் அதே எழுத்தை ‘இனகோ’ என்று படிப்பார்கள். இனகோ நெல்வயலில் இருக்கும் சிறு தத்துக்கிளி. நகானோ மாகாணத்தில் அதைச் சோயா சாற்றிலும் சர்க்கரையிலும் சுண்டவைத்து உண்கிறார்கள். நீங்கள் எழுத்தை மட்டும் பார்த்து மொழிபெயர்த்தால் ஒரு பேரழிவை ஒரு தொடுகறியாக்கிவிடுவீர்கள். அதுபோலவே ‘ஊரும் பூச்சி’ என்ற ஈரெழுத்துச் சொல் இன்றைய சீனக் கணினித் துறையில் இணையப் பக்கங்களைத் திரட்டும் நிரலைக் குறிக்கிறது. ஜப்பானியத்தில் அதே எழுத்துகளுடன் ‘இனம்’ என்பதைச் சேர்த்தால் ஊர்வன என்ற விலங்கு வகுப்பு. ‘ஓட்டுப் பூச்சி’ என்ற எழுத்துகளை ஜப்பானியத்தில் ‘கோச்சூ’ என்று படித்தால் வண்டுகள் அனைத்தும். ‘கபுத்தோமுஷி’ என்று படித்தால் குழந்தைகள் வளர்க்கும் கொம்பு வண்டு மட்டும்.

பயிர்ப்பூச்சிகளில் இதைவிட நுட்பமான பொறிகள் உண்டு. நாம் புகையான் என்று சொல்வது ஜப்பானில் ‘தொபிஇரோஉன்கா’, சீனத்தில் ‘பழுப்புப் பறக்கும் பேன்’ என்று பொருள்படும் ‘ஹஃபெய்ஷி’. மூன்றும் நிலபர்வட்டா லூஜென்ஸ் என்ற ஒரே இனம். இங்கே அச்சமின்றி நேர்ப்பெயர் எழுதலாம். பச்சைத் தத்துப்பூச்சியில் நிலைமை வேறு. ஜப்பானிய ‘த்ஸுமகுரோயோகொபாய்’ நம்முடையதன் உறவுதான். நெஃபோடெட்டிக்ஸ் என்ற பேரினம் ஒன்று, சிற்றினம் வேறு. கையேட்டில் அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

குருத்துப்பூச்சியில்தான் நான் மிகவும் தடுமாறினேன். சீனமும் ஜப்பானும் தண்டைத் துளைக்கும் புழுக்களை ஆண்டுக்கு எத்தனை தலைமுறை என்ற கணக்கில் பெயரிட்டிருக்கின்றன: ‘இருதலைமுறைத் துளைப்பான்’, ‘முத்தலைமுறைத் துளைப்பான்’. ஜப்பானியக் கையேடுகளில் அடிக்கடி வருவது முதலாவது. அது சைலோ சப்ரஸாலிஸ். தமிழ்நாட்டு நெல் விவசாயி முதன்மையாக அஞ்சும் மஞ்சள் தண்டுத்துளைப்பான் இரண்டாவது. அது ஸ்கிர்போஃபாகா இன்செர்டுலாஸ். இரண்டையும் ‘குருத்துப்பூச்சி’ என்று எழுதினால் தமிழில் படிக்கத் தடையிருக்காது. ஆனால் மருந்தின் அளவும் தெளிக்கும் காலமும் எந்தப் பூச்சிக்குச் சோதிக்கப்பட்டன என்பது மறைந்துபோகும்.

சரிபார்க்கும் முறை எளியது. பூச்சியின் பெயரை அந்த மொழி விக்கிப்பீடியாவில் தேடுங்கள். கட்டுரையின் வலப்பக்கப் பெட்டியில் இருக்கும் அறிவியல் பெயரை எடுத்து அட்டவணையின் இரண்டாம் பத்தியில் எழுதுங்கள். பிறகு அந்த அறிவியல் பெயரை வைத்துத் தமிழ்ப் பெயரைத் தேடுங்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர்ப்பாதுகாப்புக் குறிப்புகளில் உழவர் வழங்கும் பெயர் கிடைக்கும். மொழி இணைப்புகளை மட்டும் நம்பிக் கட்டுரையிலிருந்து கட்டுரைக்குத் தாவாதீர்கள். சில இணைப்புகள் குடும்பத்துக்கும் சிற்றினத்துக்கும் இடையே போடப்பட்டிருக்கும். ஒரு பெயருக்குப் பத்து நிமிடம் என்று கணக்கிடுங்கள். நாற்பது பெயர்கள் கொண்ட கையேட்டுக்கு ஏழு மணி நேரம் ஆகும். கூலி பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

பெயரின் கடைசியில் ‘தமாஷி’ (ஏமாற்றுவது), ‘மொதோகி’ (போலி) என்ற சொற்கள் வந்தால் நின்று கவனியுங்கள். ‘தெந்தோமுஷி’ அசுவினியைத் தின்னும் பொறிவண்டு, விவசாயியின் நண்பன். ‘தெந்தோமுஷிதமாஷி’ அதே தோற்றத்தில் உருளைக்கிழங்கு, கத்தரி இலைகளைச் சுரண்டித் தின்னும் வண்டு. நம் ஊரில் எபிலாக்னா வண்டு என்பார்களே, அந்த வகை. பெயரின் பின்பகுதியை விட்டுவிட்டால் நண்பனைக் கொல்லும்படி எழுதியவராவீர்கள்.

7. எழுத்துருவையும் எழுத்து வகையையும் சரிபாருங்கள்

ஜப்பானிய அறிவியல் நூல்களிலும் பூச்சிக்கொல்லிக் கையேடுகளிலும் பூச்சிப் பெயர்களைக் கத்தகானாவில்தான் எழுதுவார்கள். 2010-இல் திருத்தப்பட்ட 2,136 பொதுப் பயன்பாட்டு எழுத்துகளின் பட்டியலில் பூச்சி, கொசு, மின்மினி, பட்டுப்புழு ஆகியவற்றின் எழுத்துகளும், அந்த ஆண்டு சேர்த்த குளவியின் எழுத்தும் உண்டு. எறும்பு, சிள்வண்டு, அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி ஆகியவற்றின் எழுத்துகள் இல்லை. ஆகவே சீன எழுத்தில் எல்லாப் பெயர்களையும் எழுதக் கற்கும் முயற்சியைத் தொடக்கத்தில் கைவிடுங்கள். படிக்கத் தெரிந்தால் போதும்.

அச்சுக்குப் போகும் கோப்பில் இன்னொரு இடர் உண்டு. சிள்வண்டின் எழுத்து ஜப்பானுக்கும் சீனப் பெருநிலத்துக்கும் கணினியில் ஒரே குறியீட்டு எண். ஆனால் வலப்பக்கத்தின் தலையில் ஜப்பானிய எழுத்துருவில் மூன்று கோடுகளும் சீன எழுத்துருவில் இரண்டும் வரும். கோப்பின் மொழி அமைப்பைத் தவறாக வைத்தால் ஜப்பானிய வாசகருக்குச் சீன வடிவம் போய்ச்சேரும். மின்மினிக்கோ ஜப்பான், சீனப் பெருநிலம், தைவான் ஆகிய மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு எழுத்துகள். யாருக்கான கோப்பு என்பதைப் பணி தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

8. பூச்சியைக் குறிக்காத பூச்சிச் சொற்கள்

முதலில் ஒலியால் ஏமாற்றுபவை. ‘முஷி ஸுரு’ என்றால் பொருட்படுத்தாமல் விடுவது, வேறு எழுத்துகள். ‘முஷிஅத்ஸுய்’ என்றால் புழுக்கமான வெப்பம். இங்குள்ள முஷி, ஆவியில் வேகவைத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. விலைப்பட்டியலில் ‘முஷிமோனோ’ என்று இருந்தால் ஆவியில் வெந்த உணவு. செய்தியில் ஒரு பங்கின் விலை ‘யொகொபாய்’ என்று வந்தால் தத்துப்பூச்சிக்கு அங்கே வேலையில்லை. ஏறாமலும் இறங்காமலும் இருக்கிறது என்று பொருள்.

அடுத்து மெய்யான பூச்சியே மனத்துக்குள் புகுந்த சொற்கள். மனிதனின் வயிற்றுக்குள் வாழும் பூச்சிகள் மனநிலையை ஆட்டுவிக்கின்றன என்ற பழைய நம்பிக்கையிலிருந்து ஜப்பானியத்தில் ஒரு பெரிய சொற்குடும்பமே வளர்ந்திருக்கிறது. வயிற்றில் பூச்சி என்று மருந்து கொடுக்கும் வீடுகளில் வளர்ந்த நமக்கு இது எளிதில் பிடிபடும். ‘முஷி நோ ஷிராசே’ (பூச்சி தரும் செய்தி) என்பது தீயது நடக்கப்போகிறது என்ற உள்ளுணர்வு. பூச்சி ‘இருக்கும் இடம் சரியில்லை’ என்றால் அவர் எரிச்சலில் இருக்கிறார். ‘வயிற்றுப் பூச்சி அடங்கவில்லை’ என்றால் கோபம் தணியவில்லை. ‘பூச்சிக்குப் பிடிக்கவில்லை’ என்றால் காரணம் சொல்ல முடியாத வெறுப்பு. ‘முஷி கா ஈ’ என்பதன் சொற்கள் ‘பூச்சி நன்றாயிருக்கிறது’ என்று தோன்றும். பொருளோ தன் நலத்தை மட்டும் பார்ப்பவர் என்பது. இது பாராட்டன்று, மொழிபெயர்க்கையில் கவனம் தேவை. அழுமூஞ்சிக் குழந்தை ‘நகிமுஷி’, கோழை ‘யொவாமுஷி’, சொத்தைப் பல் ‘முஷிபா’. பல்லைப் பூச்சி அரித்துவிட்டது என்று நாமும் சொல்வதால் கடைசிச் சொல்லை யாரும் மறப்பதில்லை.

சீனத்தில் ‘ச்சொங்’ உணர்ச்சியைவிட மனிதரின் குணத்தை ஒட்டுகிறது. ‘சோம்பல் பூச்சி’ சோம்பேறி. ‘இரக்கத்துக்குரிய பூச்சி’ பரிதாபத்துக்குரியவர். ‘குரலுக்கு விடைசொல்லும் பூச்சி’ ஆமாம்சாமி. இவற்றில் முதலாவதை நெருங்கியவரிடம் செல்லமாகச் சொல்லலாம். அலுவலகக் கடிதத்தில் எதையும் எழுத முடியாது. புத்தகப் புழுவுக்கு இரு மொழிகளிலும் நேர்ச்சொல் உண்டு என்பது ஒரு நிம்மதி.

தொடர்களில் ஒன்றுக்கொன்று இணையானவற்றைச் சேர்த்துக் கற்றால் உழைப்பு பாதியாகும். தேரை மறிக்கக் கையை நீட்டும் கும்பிடுபூச்சி சீனத்தில் நான்கெழுத்துத் தொடர். ஜப்பானியத்தில் ‘கும்பிடுபூச்சியின் கோடரி’ என்று சுருங்கிவிடும். இரண்டும் வலியவரை எதிர்க்கும் எளியவரின் பயனற்ற துணிவைச் சொல்பவை. நெருப்பில் பாயும் அந்துப்பூச்சி என்ற சீனத் தொடரும், ‘பறந்துவந்து நெருப்பில் விழும் கோடைப்பூச்சி’ என்ற ஜப்பானியத் தொடரும் நம் விளக்கில் விழும் விட்டிலும் உறவினர்கள்தாம். ஜப்பானியத் தொடர் தானே வந்து ஆபத்தில் சிக்கிக்கொள்பவரைக் குறிக்கும். சீனத் தொடர் காதலுக்காகத் தன்னையே இழப்பவருக்கும் பொருந்தும். ‘அழுத முகத்தில் குளவி’ என்பதற்குப் ‘பட்ட காலிலே படும்’ என்று எழுதிவிடலாம். ‘பொன்வண்டு நிறம்’ என்ற ஜப்பானியச் சொல்லுக்கு மட்டும் எனக்கு நேர்ச்சொல் கிடைக்கவில்லை. பார்க்கும் கோணத்துக்கேற்ப நிறம் மாறும் சிறகைப்போல, ஒவ்வொரு தரப்பும் தனக்கேற்றபடி பொருள் கொள்ளும் வகையில் வேண்டுமென்றே எழுதப்பட்ட ஒப்பந்தத்தை அது குறிக்கிறது. அரசியல் செய்திகளில் அடிக்கடி வரும், விரித்தே எழுதுங்கள்.

சீன வாழ்த்து அட்டைகளில் பூனையும் வண்ணத்துப்பூச்சியும் சேர்ந்து இருந்தால் அது வெறும் அழகுக்காக வரைந்தது அன்று. வண்ணத்துப்பூச்சியின் ‘தியே’ என்ற ஒலி முதிர்ந்த வயதைக் குறிக்கும் சொல்லோடு ஒத்திருப்பதால் அது நீண்ட ஆயுளுக்கான வாழ்த்து. பூச்சி உறுப்பு கொண்ட வௌவாலும் ‘ஃபூ’ என்ற ஒலியால் நற்பேற்றைச் சொல்கிறது. அறுபது, எழுபது வயது நிறைவுக்கு அனுப்பும் அட்டைகளை வடிவமைப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

9. எண்ணும் சொற்கள்

ஜப்பானியத்தில் பூச்சிகளை, எண்ணோடு சேர்த்துச் சொல்லும் ‘ஹிகி’ என்ற சொல் கொண்டு எண்ணுங்கள்; ஒன்று ‘இப்பிகி’, இரண்டு ‘நிஹிகி’, மூன்று ‘சம்பிகி’. வண்ணத்துப்பூச்சியை ஆய்வாளர்கள் மாடு, யானைக்குரிய ‘தோ’ கொண்டு எண்ணுவார்கள். நீங்கள் ‘ஹிகி’ என்றாலும் பிழையில்லை. சீனத்தில் பொதுவாக ‘ஜி’, நீண்டு நெளியும் புழுவுக்கு ‘தியாவ்’.

10. கால அட்டவணையும் இறுதிச் சரிபார்ப்பும்

நாளொன்றுக்கு முப்பது நிமிடம் என்று வைத்துக்கொண்டால், எழுத்துமுறை தெரிந்த ஒருவருக்கு ஒரு மொழியில் எட்டு வாரம் தேவை: உறுப்புக்கு ஒன்று, முதல் இருபது பெயர்களுக்கும் அவற்றின் ஒலிப்பகுதிகளுக்கும் இரண்டு, உங்கள் துறைக்கான பெயர்களை அறிவியல் பெயருடன் அட்டவணைப்படுத்த மூன்று, உருவகச் சொற்களுக்கு இரண்டு. இரு மொழிகளையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். ஒரே எழுத்துக்கு இரண்டு ஒலிகளை ஒரே நாளில் கற்றால் இரண்டும் நிலைக்காது. ஜப்பானிய மொழித்திறன் தேர்வுக்காக மட்டும் படிப்பவர்கள் 6-ஆம் படியைத் தவிர்க்கலாம். 2010-இல் தேர்வுமுறை மாறியது முதல் அதிகாரப்பூர்வச் சொற்பட்டியல் வெளியிடப்படுவதில்லை என்பதால், ‘தேர்வுக்குரிய பூச்சிச் சொற்கள்’ என்று விற்கப்படும் பட்டியல்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

மொழிபெயர்ப்பு வேலையாக இருந்தால், ஒப்படைக்கும் நாளுக்கு முன் இரண்டு நாட்களை ஒதுக்கி வையுங்கள். முதல் நாள், அட்டவணையின் இரண்டாம் பத்தியை மட்டும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். அறிவியல் பெயர் இல்லாத வரி ஏதேனும் இருந்தால் அந்தப் பூச்சியின் தமிழ்ப் பெயர் இன்னும் உங்கள் ஊகமாகவே இருக்கிறது. இரண்டாம் நாள், அந்தப் பயிரை வளர்க்கும் ஒரு விவசாயியிடம் மூல நூலின் படங்களைக் காட்டி, பெயரை அவர் வாயிலிருந்து கேளுங்கள். அவர் சொல்லும் பெயரும் உங்கள் பெயரும் வேறுபட்டால் அவருடையதை முதலிலும் உங்களுடையதை அடைப்புக்குறிக்குள்ளும் எழுதுங்கள். அந்தக் கையேட்டைத் திருத்திய மூன்றாம் வாரத்தில் நான் செய்ததும் இதுதான். அசுவினியின் படத்தைக் கண்டவுடனே பக்கத்து ஊர் விவசாயி பெயரைச் சொல்லிவிட்டார்.